மணலில் இறங்கும் விமானம்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில் பார்ரா என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1936-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதன் விமான நிலையத்தில் ஓடுபாதை என்பது கடற்கரை மணலேயாகும். ஓதம் பெருகினால் அது நீருக்குள் மறைந்துவிடும். ஆகையால் அங்கே விமானம் வரும் வேளையைச் சமுத்திர ராஜனே நிர்ணயிக்கிறான்!

கிளாஸ்கோ நகரிலிருந்து அத்தீவுக்குச் செல்வது 'ட்வின் ஆட்டர்' என்னும் சிறிய விமானம். அதிகபட்சம் 19 பிரயாணிகளே அதில் அமரலாம். அந்த எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஆசனங்கள் இருந்தால்தான் பணிப்பெண் வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. ஆகவே இங்கே உபசரிப்பாரும் இல்லை, தேநீரும் இல்லை.

புறப்படுமுன் உதவி விமானி தம் ஆசனத்திலிருந்தே பின்புறம் திரும்புகிறார். இடுப்பு வாரைப் பூட்டும் விதம், மிதவைச் சட்டை இருக்குமிடம், அவசர வாசல்கள் ஆகியவற்றை எடுத்துரைக்கிறார். பிறகு முன்புறம் திரும்பி, இயந்திரங்களில் கருத்தைச் செலுத்துகிறார்.

பெரிய விமானங்களில் இந்த உபதேசத்தை யார் செவிசாய்த்துக் கேட்கிறார்கள்? இங்கோ நிலைமை வேறு. ஆபத்து நேர்ந்தால், அந்தக் கணத்தில் விமானிகள் இருவரின் கைகளும் விமானத்தைக் காப்பதிலேயே ஈடுபட்டிருக்கும். நம்மிடையே நின்று வழிகாட்ட மூன்றாமவர் கிடையாது. வாசலருகே அமர்ந்திருப்பவர் அச்சொற்களைக் கவனித்தாரா என்பதிலேயே மற்றவர்களின் உயிர் அடங்கியிருக்கலாம்.

தீவினர் சிப்பி பொறுக்கும் அதே மணலில் சக்கரங்கள் மெல்லத் தொடுகின்றன. சொன்னவர் கடமையைச் செய்தார். கேட்க வேண்டிய கடமை நம்முடையதன்றோ?