குருதியில் நிற்கும் காவலர்

வந்தவாசியில் வாழும் நமக்குக் கோட்டையும் காவலும் புதியன அல்ல. 1760 ஜனவரி 22ஆம் நாள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம்மூர்க் கோட்டைக்காகவே பொருதனர். நம் உடலும் ஒரு கோட்டையே. அதன் காவலரை இறைவன் குருதியிலேயே நிறுத்தியிருக்கிறார்.

வெள்ளணுக்கள் எனப்படும் இக்காவலர் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை உள்ளனர். கிருமி நுழைந்ததும் முதலில் விரைவோர் நியூட்ரோபில்கள். பகைவனை இனங்கண்டு நினைவில் வைப்போர் லிம்போசைட்டுகள். நலமுள்ளவரிடம் பின்னவர் நூற்றுக்கு 20 முதல் 40 வரை இருப்பர். நுரையீரலில் புற்றுநோய் கண்ட பலரிடமோ முன்னவர் பெருகி, பின்னவர் குறைகின்றனர்.

நம் பங்கில் இந்நோயுற்ற பெரியவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவர் மகன் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, "லிம்போசைட் குறைந்துவிட்டதே, இனி அப்பாவுக்கு நம்பிக்கை இல்லையா?" என்று தாழ்ந்த குரலில் வினவினார். அத்தாள் ஓர் அடையாளமே அன்றித் தீர்ப்பு அன்று. தொற்று நோயும், ஸ்டீராய்டு மருந்தும், கதிர் சிகிச்சையும்கூட இவ்வெண்களை மாற்றும். நோயாளியை முழுதும் அறிந்த மருத்துவரே அவற்றின் பொருளை உரைக்க வல்லார்.

எண்ணிக்கை மட்டுமன்று, காவலரின் ஆற்றலும் குன்றுகிறது. லிம்போசைட்டுகளுள் ஒருவகையான டி அணுக்கள் வரம்பு மீறித் தாக்காதிருக்க, அவற்றின்மேல் பிடி-1 என்னும் தடை அமைந்துள்ளது. 1992இல் ஜப்பானில் தசுக்கு ஹோன்ஜோவின் குழுவினர் இதனைக் கண்டறிந்தனர். புற்று அத்தடையையே பயன்படுத்திக் காவலரைக் கட்டிப்போடுகிறது. இத்தகைய தடைகளை நீக்கும் வழி கண்டமைக்காக ஹோன்ஜோவும் ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

பிடி-1 தடையை நீக்கும் நிவோலுமாப் என்னும் மருந்து நுரையீரல் புற்றுக்கும் பயன்படுகிறது, எல்லாருக்கும் பலிப்பதில்லை, விலையோ ஏழைக்கு எட்டாதது. ஆயினும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர், தலை, கழுத்துப் புற்று முற்றியோருக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத 20 மில்லிகிராமை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தனர். ஓராண்டுக்குமேல் உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 16 என்பது 43 ஆக உயர்ந்ததென 2022இல் அறிவித்தனர். இது நுரையீரல் நோய்க்கான சான்று அன்றெனினும், ஏழையின் வாயிலும் திறக்கக்கூடும் என்பதற்கு அறிகுறி.

நம் கடமைகள் எளியவை. பீடியையும் சுருட்டையும் இல்லத்தினின்று அகற்றுவோம். நாள்பட்ட இருமலையும், சளியில் காணும் இரத்தத்தையும் அலட்சியம் செய்யோம். சிகிச்சை நாள்களில் காய்ச்சல் கண்டால் அப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். காவலர் குறைந்த கோட்டையில் சிறு தொற்றும் பெருந்தீங்காகும்.

கெத்சமனித் தோட்டத்தில் தம்மோடு விழித்திருக்குமாறு ஆண்டவர் சீடரை வேண்டினார், அவர்களோ உறங்கினர். நோயுற்றோரின் கட்டிலருகே நாம் உறங்காதிருப்போமாக.