தலைவனில்லா அணிவகுப்பு



வரிசை என்றால் அதற்கு முன்னால் ஒருவர் வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக் காலத்திலிருந்து நான் கொண்டிருக்கும் நம்பிக்கை இது. சபைகூடலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதும் வகுப்புத் தலைவரையே முன்னே நடக்கச் சொல்வேன். அண்மையில் படித்த ஓர் இயற்பியல் ஆய்வு அந்நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தியது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீராம் ராமசாமி, அஜய் சூட் ஆகியோர் அடங்கிய குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. 4.5 மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளைத் தண்டுகள். அரிசி மணியினும் சிறியவை. ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும். அவற்றைத் தட்டில் பரப்பிக் கண்ணாடியால் மூடி, நொடிக்கு 200 முறை மேலும் கீழுமாக அதிரச் செய்தனர். பக்கவாட்டில் எவரும் தள்ளவில்லை. ஆயினும் இரு முனைகளும் ஒத்திராமையால், ஒவ்வொரு தண்டும் அந்த அதிர்வையே முன்னோக்கிய நகர்வாக மாற்றிக்கொள்கிறது. உயிரில்லை, ஆனால் தானே செல்கிறது!

தண்டுகள் சிலவே இருந்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் அலையும். அவற்றிடையே சிறு அலுமினிய உருண்டைகளை நிறையக் கொட்டியபோதுதான் வியப்பு நிகழ்ந்தது. உருண்டைகளுக்குச் சொந்தமாகத் திசை கிடையாது. செல்லும் தண்டு அவற்றை இழுத்துச் செல்கிறது. அந்த ஓட்டம் தொலைவிலுள்ள இன்னொரு தண்டை, காற்றாடும் திசைகாட்டியைப் போலத் தன் பக்கம் திருப்புகிறது. ஒன்றையொன்று தொடாத தண்டுகள் யாவும் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. தலைமைத் தண்டு என எதுவும் இல்லை.

ஹங்கேரியரான தாமாஷ் விச்செக் குழுவினர் 1995-இலேயே கணினியில் இதற்கு நெருங்கியதொன்றைக் காட்டியிருந்தனர். ஒவ்வொரு துகளும் அண்டையிலுள்ளோரின் சராசரித் திசையை ஏற்கும். சிறிது தடுமாற்றமும் உண்டு. தடுமாற்றம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் கூட்டம் முழுவதும் ஒன்றாய்த் திரும்பும், மிகுந்தால் சிதறும்.

குழந்தைகள் பித்தளைத் தண்டுகள் அல்லர் என்பதை நான் அறிவேன். எனினும் என் கண் இப்போது வரிசையின் முன்வரிசையை விட்டு நடுப்பகுதிக்குச் செல்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, அந்த உருண்டைகளுக்கும் பெயர் உண்டா?" என்று கேட்டாள். கட்டுரையில் அவை வெறும் உருண்டைகளே. ஆனால் அவற்றைக் குறைத்துவிட்டால், அதே தட்டில், அதே அதிர்வில், அதே தண்டுகள் மீண்டும் ஆளுக்கொரு திசையில் போகத் தொடங்கிவிடும்.