வெறும் வயிற்று ரத்தம்

இரைப்பை ஹார்மோனான காஸ்ட்ரினின் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் முன் கட்டாயம் கேட்பேன்: "ஐயா, கேஸ் மாத்திரை ஏதாவது போடுறீங்களா?" பலரும் இல்லை என்பார்கள். "காலையில வெறும் வயித்துல ஒண்ணு?" என்றால், "அது தினமும் போடுறதுதானே!" என்று பதில் வரும். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை அமிலத்தை அடக்குகின்றன. அமிலம் குறைந்தால் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலுள்ள ஜி செல்கள் காஸ்ட்ரினைக் கூட்டிச் சுரக்கும். இரைப்பைக் கட்டிக்குச் சம்பந்தமில்லாமலே எண் ஏறிவிடும்.

எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து, தாமதிக்காமல் பிரித்து, உறையவைக்க வேண்டும். கிரெலினுக்கு இன்னும் கவனம் தேவை. 1999இல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா குழு கண்டறிந்த இந்தப் பசி ஹார்மோனில் 28 அமினோ அமிலங்கள். மூன்றாவதில் ஒட்டியுள்ள கொழுப்பு அமிலம் கழன்றால் பசியைத் தூண்டும் வேலை போய்விடும். அதைக் காக்கவே பிளாஸ்மாவில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கிறோம். இதையெல்லாம் அலுப்பில்லாமல் செய்பவர்தான் என் கண்ணில் நல்ல டெக்னீஷியன்.

காஸ்ட்ரின், வெறும் வயிற்றில் மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராமுக்குள் இருப்பது இயல்பு. இரைப்பைப் புற்றுநோயில் அது ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். மேல், நடுப்பகுதிச் சவ்வு நலிந்து அமிலம் வற்றினால் ஏறும். கீழ்ப்பகுதியே நலிந்து ஜி செல்கள் அழிந்தால் இறங்கும். அதனால் பயாப்சி அறிக்கை இல்லாமல் நான் எதுவும் சொல்வதில்லை. கட்டி எந்த இடத்தில்? 1965இல் லாரன் பிரித்த குடல் வகையா, பரவல் வகையா? குடல் வகை பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி பல ஆண்டுகள் அரித்த சவ்வில் முளைப்பது. ஹார்மோன் அந்த நிலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது; முளைத்த கட்டியின் அளவையும் கட்டத்தையும் அதிலிருந்து ஊகிப்பதை நான் ஏற்பதில்லை.

நிலத்தை அறிவதற்கும் பயனுண்டு. ரத்தத்தில் பெப்சினோஜன் என்ற இரைப்பைப் புரதத்தின் முதல் வகை மில்லிலிட்டருக்கு 70 நானோகிராமும், இரண்டாம் வகையோடு அதன் விகிதம் 3ம், அல்லது அதற்கும் கீழே இருந்தால் சவ்வு நலிந்திருப்பதாக ஜப்பானியர் கொள்கிறார்கள். யாருக்கு எண்டோஸ்கோபி தேவை என்று தேர்ந்தெடுக்க அது உதவுகிறது. சென்னை ஆண்களிடம் நெடுங்காலமாக முன்வரிசையில் இருப்பது இரைப்பைப் புற்றுநோய். இங்கும் அப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

புற்றுநோய்க்காக இரைப்பையை முழுதாக அகற்றியபின் கிரெலின் சரிந்துவிடும். "சாப்பிடவே மாட்டேங்கிறாரு, அடம் பிடிக்கிறாரு" என்று மனைவிமார் வந்து அழுவார்கள். அடமில்லைம்மா, பசியைச் சொல்லும் ஹார்மோன் சுரந்த இடமே போய்விட்டது. கடிகாரம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஆறேழு வேளையாகக் கொடுங்கள் என்று உட்காரவைத்து விளக்குவேன்.