இடது கைக்கு ஒரு கவசம்

பதினைந்து வேலம்பாளையம் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சியாக இருந்தது. அதன் வீதிகளில் வீடு எது, பனியன் கம்பெனி எது என்று வாசலை வைத்துச் சொல்ல முடியாது. கீழே குடும்பம், மாடியில் ஓவர்லாக், பக்கத்துக் கொட்டகையில் கட்டிங். நான் போனது அப்படியொரு ஜாப் ஒர்க் கொட்டகைக்கு.

"செருப்பக் கழட்டாதீங்க, கீழ பின்னு கெடக்கும்" என்றார் கட்டிங் மாஸ்டர்.

பின்னல் துணி ரோலில் இறுகச் சுற்றியிருக்கும். பிரித்த சூட்டில் வெட்டினால் பிறகு சுருங்கி அளவு கெட்டுப்போகும். அதனால் தளரவிட்டு, அடுக்கடுக்காக லே போட்டு, மேலே மார்க்கர் தாளை விரிக்கிறார்கள். கட்டிங் மெஷினில் நெட்டுக்குத்தாக ஒரு கத்தி. மோட்டார் ஓடினால் அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மேலும் கீழும் போய்வரும். வலது கை மெஷினைத் தள்ள, இடது கை துணியை அமுக்கிப் பிடிக்கிறது. விரல் போனால் பெரும்பாலும் இடது கையில்தான் போகும். அந்தக் கைக்காக வந்ததுதான் எஃகு வளையங்களைக் கோத்துச் செய்த கையுறை. அது சுவரில் ஆணியில் தொங்கியது.

"ஏனுங்க மாட்டிக்கறதில்லையா?"

"போட்டா கை ஓடாதுங்க. பீஸ் கணக்குல ஓட்டறோம். ஆடிட் வர்ற அன்னைக்கு எல்லாரும் மாட்டிக்குவோம்."

சோம்பல் என்று இதை எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர் எடுத்து மாட்டிக் காட்டியபோது கதை வேறாக இருந்தது. விரல் நுனியைத் தாண்டி வளையங்கள் தளர்ந்து தொங்கின. இந்தக் கையுறையில் மணிக்கட்டுப் பட்டையின் நிறமே அளவைச் சொல்லும். வெள்ளை சிறிது, சிவப்பு நடுத்தரம், நீலம் பெரிது. அவருடைய கை சின்னது. அங்கே தொங்கியவை எல்லாமே நீலப் பட்டை. தொங்குகிற நுனிதான் முதலில் கத்திப் பக்கம் போகும், துணியையும் சரியாகப் பிடிக்கவிடாது. உள்ளே பருத்திக் கையுறை போட்டு, விரல்மேல் ரப்பர் பட்டை இறுக்கினால் ஓரளவு சரியாகும். ரப்பர் பட்டை வாங்கித் தந்தவர் யாருமில்லை.

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பவர்கள் இந்த அளவு விஷயத்தில் கறாரானவர்கள். தோளிலும் தொடையிலும் வரும் பட்டைகள் அவரவர் உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் பாராசூட் விரியும் உலுக்கலில் உடம்பு நழுவும். முதுகில் ஒன்றுக்கு இரண்டு பாராசூட். அமெரிக்காவில் அந்த இரண்டாவதை உரிமம் பெற்றவர்தான் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மடித்து, தன் முத்திரையை வைத்து, அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். குதித்தவர் மயங்கிப் போனாலும் குறிப்பிட்ட உயரத்தில் அதைத் தானே திறக்க ஒரு கருவியும் உண்டு. நம் நாட்டில் கான்பூர் ராணுவப் பாராசூட் தொழிற்சாலை 1941-லிருந்து இயங்குகிறது. அங்கேயும் துணிதான், தையல்தான்.

மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "நம்ம பனியன் துணியில தெச்சா ஆளு தரைக்கு வந்தப்புறந்தானுங்க விரியும்." இழுபடும் பின்னல் துணி அதற்கு ஆகாது, நெய்த நைலான்தான் சரி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

குதிப்பவர் தன் உடம்புக்குத் தானே பார்த்து எடுக்கிறார். வெட்டுகிறவருக்கு யாரோ ஒருவர் டஜன் கணக்கில் எடுத்துவந்து கொடுக்கிறார்.

கையுறையை மாட்டாத அதே மாஸ்டர் வேறொன்றில் விடாப்பிடி. மெஷினில் துணிமேல் உட்காரும் பாதம் ஒன்று உண்டு. லேயின் உயரத்துக்கு அதை இறக்கிவிட்டால் கத்திக்கும் விரலுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும். தூக்கியே விட்டால் அந்தச் சந்தில் விரல் நுழையும். ஒடிசாவிலிருந்து வந்த பையன் மெஷினைத் தொட்டதும் "ஹாத் தூர், ஹாத் தூர்" என்று கையை விலக்கச் சொல்லி இந்தியில் கத்திக்கொண்டே போய்ப் பாதத்தை இறக்கினார். பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும் என்பதும் அவர் சட்டம்.

மாடியில் ஒரு நோட்டைக் காட்டினார்கள். ஊசி ஒடிந்தால் துண்டுகள் எல்லாம் கிடைக்க வேண்டும். அவற்றை அதில் டேப் போட்டு ஒட்டிய பிறகே புது ஊசி. குழந்தைத் துணி என்றால் கப்பலேறும் முன் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினிலும் போய்வர வேண்டும். எங்கோ ஒரு குழந்தைக்கு ஊசி குத்திவிடக் கூடாது என்பதற்காக வாங்குகிற நாட்டுக்காரர் கேட்கும் ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. சிங்கர் மெஷினில் தைக்கும் அக்காவின் விரலில் ஊசி ஏறினால் எழுதிவைக்க அங்கே நோட்டு இல்லை. விரல் தடுப்புக் கம்பியும் கழற்றிக் கிடந்தது. "நூல் கோக்க எடஞ்சலா இருக்குது கண்ணு" என்றார் அந்த அக்கா. ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைகளை அந்தச் சட்டமும் இஎஸ்ஐயும் பெரும்பாலும் எட்டிப் பார்த்ததில்லை.

ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் ஊசி நோட்டைக் கேட்பதுபோலக் காய நோட்டையும் கேளுங்கள். கையுறை வாங்கப் போகும்போது கட்டிங் ஆட்களைக் கூட்டிப்போய் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக் கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.