பழைய நிரலும் நம் உழைப்பும்

தோழர்களே! "பிறர் எழுதிய நிரலை எடுத்தாள்பவனுக்குப் பெருமை ஏது?" என்று நம் மன்றத்து நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்விதான். விடையை நான் என் ஊராகிய வண்டன்மேட்டில் கண்டேன்.

இடுக்கி மாவட்டத்து ஏலமலையில் இருப்பது எங்கள் ஊர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெண்கள் பலர் ஜீப்பில் மலையேறி வந்து இங்குள்ள ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கின்றனர். என் அத்தையும் அவர்களுள் ஒருவர். எந்நாள், எவ்வூரில், என்ன கூலிக்கு உழைத்தோம் என்பதைத் தாங்களே தமிழில் பதிந்து வைக்க ஒரு வழி வேண்டும் என்றார் அவர். பிறர் எழுதும் கணக்கையே நம்பியிருப்பவர்க்குத் தம் கையிலும் ஒரு கணக்கு இருப்பது எத்துணை வலிமை!

யாவற்றையும் முதலிலிருந்து எழுத எனக்கு நேரமில்லை. கட்டற்ற உரிமத்தோடு கிடைத்த பழைய பி.எச்.பி. நிரல் ஒன்றை எடுத்தேன். பதியும் வசதியும் தேடும் வசதியும் அதிலேயே இருந்தன. ஆனால், அத்தை ஊர்ப்பெயரை இட்டதும் 'வண்டன்' என்று நின்றுவிட்டது. பின்னால் பொருளற்ற குறி ஒன்று. மேடு எங்கே போயிற்று?

நிரலை வரிவரியாகப் படித்தேன். ஊர்ப்பெயருக்கு 20 என்று எல்லை வைத்திருந்தனர். அங்கே அளந்த 'ஸ்டர்லென்' என்னும் கட்டளை எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. யு.டி.எப்.-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. வண்டன்மேடு நம் கண்ணுக்கு 6 எழுத்து. புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணினால் 10 குறி. பைட்டோ 30! எழுத்தை எழுத்தாகவே எண்ணும் 'கிராபீம்-ஸ்டர்லென்' கட்டளையும் பி.எச்.பி.யில் உண்டு. அளக்கும் இடத்தில் அதனையும், வெட்டும் இடத்தில் அதன் இனமான கட்டளையையும் வைத்தேன். தரவுத்தளத்தில் இடம் போதுமா என்றும் பார்த்தேன். மாறியவை சில வரிகளே. அவற்றைக் கண்டறியப் படித்தவையோ பல நூறு.

இது திருட்டா, தோழர்களே? பி.எச்.பி.யே இவ்வாறு வளர்ந்ததன்றோ? ராஸ்மஸ் லெர்டார்ப் 1995-இல் தம் கருவிகளின் மூலநிரலைப் பொதுவில் வைத்தார். பிறர் அதனைத் திருத்தி வளர்த்தனர். மிஷெல் வால்ட்ரிகி எழுதிய 'பி2' மென்பொருளின் வளர்ச்சி நின்றபோது, மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் அதனையே எடுத்து வளர்த்தனர். 2003-இல் அது வேர்ட்பிரஸ் ஆயிற்று. அந்நிரலின் உரிமமே அதற்கு இடம் தந்தது.

ஆனால் எடுப்பவனுக்குக் கடமைகள் உண்டு. உரிமத்தைப் படிக்க வேண்டும். முன்னவர் பெயரை அழிக்கலாகாது. புரியாத வரியை அப்படியே ஒட்டலாகாது. செய்த திருத்தத்தைப் பொதுவுக்குத் திருப்பித் தரவேண்டும். என் திருத்தத்தையும் அந்நிரலை எழுதியவர்க்கு அனுப்பியிருக்கிறேன்.

அத்தையின் ஏட்டில் இன்று வண்டன்மேடு முழுமையாக நிற்கிறது. நம் மன்றத்திலும் தமிழ்ப் பெயர்களை வெட்டும் நிரல்கள் இருக்கக்கூடும். வாருங்கள், எடுத்துப் படிப்போம்!