பன்றி ரூபாய்

அப்பத்தாவின் சுருக்குப்பையில் பதினொரு வெள்ளி ரூபாய்கள் இருந்தன. திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்கள் வெடித்துக்கிடந்த வருடங்களிலும் அவள் விற்காதவை. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்தோம். விற்பதற்கு முன் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினோம்.

அருப்புக்கோட்டை ஆசாரிக்கு எடைதான் கணக்கு. காசு ஒன்று 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகிவிட்டதால் ஆண்டை மட்டும் பார்த்தார்.

மதுரையில் நாணயம் சேர்ப்பவர் ஒருவரோ பூதக்கண்ணாடியை எடுத்தார். எங்களுடையவற்றில் ஒன்று 1911ஆம் ஆண்டுக் காசு. அவ்வாண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலிருந்த யானை பன்றியாகத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. அச்சிட்டதில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1912இல் யானையைத் திருத்தினார்கள். தப்பிய காசுக்குத்தான் கிராக்கி. அமெரிக்கர்களும் பத்து சென்ட் ‘டைம்’ காசில் 1916ஐயும் பின்புறத்து ‘டி’ எழுத்தையும் இப்படித்தான் தேடுகிறார்கள்; டென்வர் நாணயச்சாலை அவ்வாண்டு அச்சிட்டது 2,64,000 மட்டுமே.

“தேய்த்துக் கெடுத்துவிட்டீர்களே” என்றார் அவர். விளிம்பில் பற்றவைத்த தடத்தையும் காட்டினார். அப்பத்தா கழுத்தில் கோத்திருந்த வளையத்தின் தடம் அது. அவருடைய கணக்கில் இரண்டுமே ஊனம்.

பத்தை ஆசாரியிடம் போட்டோம். 1911 மட்டும் எங்களிடம் இருக்கிறது, மெல்லக் கறுத்துவருகிறது.