நிறங்களும் அத்தாட்சிகளே!

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் பல்லேகலை தாண்டிச் சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் திகன. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டு இதற்கு அருகில்தான் இருக்கிறது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீர்த்தேக்கத்துள் மூழ்கிப் போனது.

திகன என்றதும் நம் நெஞ்சில் வருவது 2018 மார்ச் மாதம். பள்ளிவாசலும் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. ஒரு கூட்டத்தை இழிவாகப் பேசிப் பழகிய நாவு, பிறகு கைக்கு வேலை கொடுக்கிறது என்பதை நாம் அங்கே கண்டோம்.

சகோதரிகளே, அந்த நாவு நம் வீட்டில் இல்லையா?

திகனயில் ஒரு வீட்டில் பிள்ளைகள் படம் வரைந்து கொண்டிருந்தார்கள். மாநிறச் சிறுமி ஒருத்தி தன் உம்மாவை வரைந்து, முகத்துக்கு வெளிர் ரோஸ் நிறம் தீட்டினாள். "உம்மா இந்த நிறமா மகள்?" என்று கேட்டேன். "இதுதான் தோல் கலர், ஹஸரத்" என்றாள். "இவள்தான் காப்பிலி!" என்று அண்ணன்காரன் சொல்ல, வீடே சிரித்தது. சிறுமி மட்டும் சிரிக்கவில்லை.

'காப்பிலி' என்று நாம் ஏசும் சொல், அறபிகளின் 'காஃபிர்' என்ற சொல்லிலிருந்து பிறந்து, போர்த்துக்கேயர் வழியாக ஆபிரிக்கருக்குச் சூட்டப்பட்டது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துக்கு அருகே சிரம்பையடியில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களது 'மஞ்சா' இசை நாடறிந்தது. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, கொழும்பில் இருந்த அதிகாரியிடம் சுமார் 500 ஹபஷிகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆக, அவர்கள் இம்மண்ணுக்குப் புதியவர்களல்லர்.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தைப் பாருங்கள். அவர்களை வளர்த்த உம்மு அய்மன் (ரலி) ஹபஷிப் பெண்மணி. அவரின் மகன் உஸாமா (ரலி) கறுப்பு நிறத்தவர். சிறுவரான அவரின் மூக்கைத் தம் கையாலேயே துடைத்துவிட நபியவர்கள் முற்பட்டார்கள். அவரை நேசிக்குமாறு ஆயிஷா (ரலி) அவர்களிடமும் சொன்னார்கள். பெருநாளில் ஹபஷிகள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட, ஆயிஷா (ரலி) அதைப் பார்த்து மகிழத் தாமே மறைப்பாக நின்றார்கள். ஆயிஷா (ரலி) வைத்திருந்த சிறகு முளைத்த பொம்மைக் குதிரையைக் கண்டு கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். பிள்ளையின் கற்பனைக்கும் கறுப்பு நிறத்தவரின் மகிழ்ச்சிக்கும் அங்கே இடமிருந்தது.

உருவப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனி விஷயம். ஆனால் பிள்ளை எதைப் பார்த்துத் தன்னை மதிக்கிறது என்பது நம் பொறுப்பு. திகன எரிந்த அதே 2018 மார்ச்சில், வாஷிங்டன் நகரில் மிஷெல் ஒபாமாவின் ஓவியத்தின் முன் இரண்டு வயதுக் கறுப்பினச் சிறுமி வாய்பிளந்து நின்ற புகைப்படம் உலகெங்கும் பரவியது. ஓவியத்தில் இருப்பவர் ஒரு ராணி என்றே அக்குழந்தை எண்ணியதாம். அதை வரைந்த ஏமி ஷெரால்டும் கறுப்பினப் பெண்மணியே. தன் நிறத்தில் ஒரு கண்ணியத்தைக் கண்ட குழந்தையின் வியப்பு அது!

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சிகளில் உள்ளது என அல்லாஹ் அர்ரூம் அத்தியாயத்தில் கூறுகிறான். அந்த அத்தாட்சியைக் கேலி செய்யலாமா? தாய்மார்களே, கலர் பென்சில் வாங்கும்போது மண்ணிறங்களையும் கேட்டு வாங்குங்கள். 'தோல் கலர்' ஒன்றல்ல, பல என்று சொல்லுங்கள். பிலால் (ரலி), உஸாமா (ரலி) கதைகளை உறங்கும் முன் சொல்லிக் கொடுங்கள். 'கறுப்பி', 'காப்பிலி' என்ற ஏச்சுகளை இன்றோடு வீட்டை விட்டு வெளியேற்றுங்கள்.

நம்மை இழிவுபடுத்தியோரிடம் நீதி கேட்கும் நாம், நம் மடியில் இருக்கும் பிள்ளைக்கு முதலில் நீதி செய்வோம். அல்லாஹ் அருள் புரிவானாக!